மூன்று கியரும் ஒரு கைப்பிடியும்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மிச்சிகன் எல்லையை ஒட்டி இருக்கிறது சவுத் பெண்ட். அதே மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், இண்டியானாபொலிசுக்கு வடகிழக்கே இருக்கிறது மன்சி. இரண்டுக்கும் இடையே 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இன்றைய கார்க்காரர்கள் புதிய நெடுஞ்சாலையைப் பிடித்து மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நாங்கள் பழைய சாலைகளாகத் தேடிப் பிடித்து, ஒரு பகல் முழுவதையும் அந்தத் தூரத்துக்குக் கொடுத்தோம். வண்டி அப்படி: 1949ஆம் ஆண்டின் ஸ்டூடிபேக்கர் 2ஆர்5 பிக்கப். அதன் உடம்பும் எஞ்சினும் சவுத் பெண்டில் பிறந்தவை. கியர் பாக்ஸின் வால்புறத்தில் பொருத்தியிருக்கும் ஓவர்டிரைவ், மன்சியில் இருந்த வார்னர் கியர் ஆலையின் சரக்கு. ஒரு வண்டியின் இரண்டு பிறந்த ஊர்களையும் அதே வண்டியில் போய்ப் பார்ப்பதுதான் திட்டம்.

வண்டிக்குச் சொந்தக்காரர் அந்தப் பக்கத்துக்காரர். வாழ்நாள் முழுக்க லேத்தும் மில்லிங் மெஷினுமாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓவர்டிரைவ் எப்படி வேலை செய்கிறது என்று நான் கேட்டபோது காகிதத்தை எடுத்துப் படம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சாவியைக் கொடுத்தார். "மன்சி வரைக்கும் ஓட்டுங்க. படம் அப்புறம் போட்டுக்கலாம்" என்றார்.

பயணம் ஊருக்கு மேற்கே, பெண்டிக்ஸ் வுட்ஸ் என்ற பூங்காவில் தொடங்கியது. 1926இல் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் தன் வண்டிகளை ஓட்டிச் சோதிப்பதற்கு உருவாக்கிய களத்தின் ஒரு பகுதி அது. 1938இல் அங்கே ஆயிரக்கணக்கான பைன் மரங்களை நட்டு நிறுவனத்தின் பெயரை எழுதினார்கள். அரை மைல் நீளத்துக்கு ஓடும் அந்த எழுத்துகளை விமானத்திலிருந்துதான் படிக்க முடியும். தரையில் நிற்பவருக்கு அது வெறும் பைன் காடு. விளம்பரமாக நட்டவை நிறுவனம் மறைந்த பிறகும் நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கின்றன. ஆள் நடமாட்டம் குறைவான சாலைகள் சுற்றிலும் இருப்பதால் பழகுவதற்கு நல்ல இடம்.

கிளப்புவதற்கே ஒரு பாடம் தேவைப்பட்டது. ஸ்டார்ட்டர் பொத்தான் எதுவும் முகப்பில் இல்லை. சாவியைத் திருப்பிவிட்டு கிளட்ச் பெடலைத் தரையோடு தரையாக மிதித்தால், அதன் அடியில் இருக்கும் சுவிட்ச் அழுந்தி எஞ்சின் கிளம்புகிறது. கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டில் இருக்கிறது. முன்னோக்கி மூன்று கியர், பின்னோக்கி ஒன்று. முகப்புப் பலகைக்குக் கீழே, முழங்காலுக்கு அருகில், இழுக்கவும் தள்ளவுமான ஒரு சின்னக் கைப்பிடி. அதுதான் ஓவர்டிரைவின் கைப்பிடி. அதைத் தள்ளி வைத்தால் ஓவர்டிரைவுக்கு அனுமதி. இழுத்து வைத்தால் பூட்டு. அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் தள்ளி வைத்ததும் ஓவர்டிரைவ் வந்துவிடுவதில்லை. அது வருவதற்கு வண்டியின் சம்மதமும் வேண்டும், ஓட்டுபவரின் சம்மதமும் வேண்டும். இந்த இரண்டாவது சம்மதத்தை ஒரு இரும்புப் பெட்டிக்குள் எப்படி வைத்தார்கள் என்பதுதான் நாள் முழுக்க என்னைப் பிடித்துவைத்திருந்தது.

ஊருக்குள் திரும்பி, சேப்பின் தெருவில் இருக்கும் ஸ்டூடிபேக்கர் தேசிய அருங்காட்சியகத்தைத் தாண்டினோம். ஆபிரகாம் லிங்கன் ஃபோர்டு நாடக அரங்குக்குக் கடைசியாகப் போன குதிரை வண்டி அங்கேதான் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் ஸ்டூடிபேக்கர்கள் அல்ல, பிற்பாடு வாங்கிச் சேர்த்தவர்கள். 1852இல் ஹென்றி ஸ்டூடிபேக்கர், கிளெம் ஸ்டூடிபேக்கர் என்ற சகோதரர்கள் இந்த ஊரில் ஒரு கொல்லுப்பட்டறை திறந்தார்கள். இன்னொரு சகோதரர் ஜான் கலிஃபோர்னியாவில் தங்கம் தேடி வந்தவர்களுக்குத் தள்ளுவண்டி செய்து விற்றுச் சேர்த்த பணத்தோடு திரும்பிவந்து சேர்ந்துகொண்டார். குதிரை வண்டியில் தொடங்கி மோட்டார் வண்டிக்கு மாறி நிலைத்தவர்கள் மிகச் சிலரே; இவர்கள் அவர்களில் பெரியவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பி-17 குண்டுவீச்சு விமானங்களுக்கு எஞ்சின் செய்தார்கள். சோவியத் படைக்குப் போன லாரிகளில் பெரும் பங்கு இவர்களுடையது.

போர் முடிந்த பிறகு அவர்களுடைய லாரிகளில் வந்த முதல் புதிய வடிவம்தான் 2ஆர் வரிசை. ராபர்ட் பர்க் வரைந்தவர். அந்தக் கால பிக்கப்புகளில் கதவுக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மிதிபலகை இதில் இல்லை. படி கதவுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. பின்பெட்டிக்கு இரட்டைச் சுவர், உள்ளே சரக்கு இடித்தாலும் வெளித்தகடு நசுங்காது. பார்க்க அழகாக இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை; வழியில் பெட்ரோல் போட நின்ற இடமெல்லாம் யாராவது ஒருவர் வந்து பின்பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

அழகுக்கு அடியில் இருக்கும் எஞ்சின் சிறியது. ஆறு சிலிண்டர், 2.8 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, 80 குதிரைத் திறன். சாம்பியன் என்ற சிக்கனக் காருக்காக 1939இல் வந்த எஞ்சினிலிருந்து வளர்ந்தது. சிலிண்டரின் விட்டம் 3 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 4 அங்குலம். விட்டத்தைவிட ஓட்டம் இவ்வளவு நீளமாக இருந்தால் மெதுவாகச் சுற்றும்போது நன்றாக இழுக்கும். வேகமாகச் சுற்றச் சொன்னால் பிஸ்டன் படும்பாடு பெரும்பாடு. சரக்கு ஏற்ற வேண்டிய பிக்கப்பில் இப்படிப்பட்ட எஞ்சினை வைத்தால் பின்னச்சில் கியர் விகிதத்தை உயர்த்தியாக வேண்டும். கணக்குக்கு 4.5 என்று வைத்துக்கொள்வோம். அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, தண்டு நான்கரை முறை சுற்ற வேண்டும். வயலிலிருந்து சோள மூட்டையோடு ஏறி வர இது நல்லது. ஆனால் அதே வண்டி வெறும் பெட்டியோடு சாலையில் மணிக்கு 50 மைல் போகும்போது, இந்த டயர் அளவுக்கு, எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,700 சுற்று சுற்றியாக வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 549 மீட்டர் ஏறி இறங்கும். ஓவர்டிரைவ் விழுந்துவிட்டால் அதே 50 மைல் வேகத்துக்கு 1,890 சுற்று போதும். பிஸ்டன் 384 மீட்டர் ஓடினால் போதும். சத்தம் குறைகிறது, பெட்ரோல் குறைகிறது, தேய்மானம் குறைகிறது.

பெரிய எஞ்சின் செய்து வைக்க டெட்ராயிட்டின் பெரிய நிறுவனங்களிடம் பணம் இருந்தது. ஸ்டூடிபேக்கர் அப்படிப்பட்ட நிறுவனம் அல்ல. இருக்கிற சின்ன எஞ்சினையே வைத்துக்கொண்டு, மலையேறவும் சமதளத்தில் இளைப்பாறவும் இரண்டு முகம் கொடுக்க அவர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அதே மாநிலத்தில், தெற்கே ஒரு பகல் பயணத்தில், அதைச் செய்து தர ஒருவர் இருந்தார். என் கண்ணுக்கு ஸ்டூடிபேக்கரின் சிக்கனத்தில் பஞ்சம் தெரியவில்லை, யோசனை தெரிகிறது.

சவுத் பெண்டிலிருந்து தெற்கே பழைய மிச்சிகன் சாலை. லேக்வில், லபாஸ், பிளிமத் என்று ஊர்கள் வருகின்றன. லேக்வில் தாண்டியதும் சாலை காலியானது. மூன்றாம் கியரில் வேகத்தைக் கூட்டினேன். வேகமானி 30 மைலைத் தொடும்போது எங்கோ ஒரு ரிலே தட்டும் சத்தம். "கேட்டுச்சா? அது வண்டி சொல்லுது, நான் தயார்னு. இப்ப காலை எடுங்க" என்றார் பெரியவர். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதுமாக எடுத்தேன். எஞ்சின் சத்தம் இறங்கியது. ஒரு மூச்சு விடும் நேரம். காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில், மெத்தென்று ஏதோ விழுந்தது. மறுபடி மிதித்தபோது அதே வேகத்தில் வண்டி போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் மட்டும் வேறு ஏதோ நிதானமான ஊரில் இருந்தது.

அந்த ஒரு மூச்சில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியின் அழகெல்லாம் அதில்தான்.

கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருப்பது கோள் சக்கர அமைப்பு. நடுவில் ஒரு சூரியச் சக்கரம். அதைச் சுற்றி ஒரு தாங்கியில் பொருத்திய சின்னக் கோள் சக்கரங்கள். அவற்றை வெளியே சூழ்ந்து, உட்புறம் பல் வெட்டிய வளையச் சக்கரம். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி தாங்கிக்கு வருகிறது. பின்னச்சுக்குப் போகும் சுழற்சி வளையத்திலிருந்து புறப்படுகிறது. சூரியச் சக்கரத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டால், தாங்கி 0.7 சுற்று சுற்றும்போது வளையம் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். அதுதான் ஓவர்டிரைவ். சூரியச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள அதனோடு இணைந்த ஒரு தட்டில் பள்ளங்கள் வெட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு இரும்பு நாக்கு வந்து பள்ளத்தில் நுழைந்தால் தட்டு நின்றுவிடும். நாக்கைத் தள்ளுவது ஒரு சோலனாய்டு. சோலனாய்டுக்கு மின்சாரம் அனுப்பலாமா என்று முடிவு செய்வது, வண்டியின் வேகத்தை அறியும் கவர்னர். அது 30 மைலுக்குப் பக்கத்தில் இணைக்கும். அதற்குச் சில மைல் கீழே இறங்கினால் துண்டிக்கும்.

இதுவரை இது வண்டியின் சம்மதம். ஆனால் ஓட்டுபவர் மிதித்துக்கொண்டே இருக்கும்போது சூரியச் சக்கரம் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றில் பறந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் நாக்கு உள்ளே போனால் உடைந்து தூளாகும். அதனால் தட்டுக்கு முன்னால் ஒரு தடுப்பு வளையம் வைத்தார்கள். சூரியச் சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் வரை, அதன் உராய்வில் இந்த வளையம் ஒரு பக்கம் இழுபட்டு நாக்கின் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். சோலனாய்டு எவ்வளவு தள்ளினாலும் நாக்கு வளையத்தில் முட்டிக் காத்திருக்கும்.

நான் காலை எடுக்கிறேன். எஞ்சின் சுற்று குறைகிறது. வண்டியின் வேகம் அப்படியே இருக்கிறது. 30 மைல் வேகத்துக்கு மூன்றாம் கியரில் எஞ்சின் 1,620 சுற்றில் இருந்தது என்றால், அது குறைய ஆரம்பித்ததும் சூரியச் சக்கரமும் தளர்கிறது. எஞ்சின் சரியாகப் பத்தில் ஏழு பங்குக்கு, 1,134க்கு இறங்கும் கணத்தில், கோள் சக்கரங்களின் கணக்குப்படி சூரியச் சக்கரம் அசையாமல் நிற்கிறது. அதற்கு அடுத்த நொடியில் அது பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். அந்தத் திருப்பத்தில் தடுப்பு வளையம் மறுபக்கம் நகர்ந்து வழி விடுகிறது. காத்திருந்த நாக்கு, கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கும் பள்ளத்தில் நுழைகிறது. கிளட்ச் இல்லை, கியர் உராயும் சத்தம் இல்லை. எந்தச் சுற்றில் எஞ்சின் இருந்தால் ஓவர்டிரைவுக்குப் பொருந்துமோ, அதே சுற்றில்தான் பூட்டு விழுகிறது. வேகத்தைப் பொருத்தி எடுக்க வேறு கருவி எதுவும் வைக்கவில்லை. பற்களின் எண்ணிக்கையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இதை வரைந்து முடித்த பொறியாளர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

போர்க்-வார்னரின் ஓவர்டிரைவ் 1934இல் கிறைஸ்லர் ஏர்ஃப்ளோ கார்களில் முதலில் புகழ்பெற்றது. சோலனாய்டும் ரிலேயும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. 1950களில் ஃபோர்டும் செவ்ரோலெட்டும் தங்கள் அரை டன் பிக்கப்புகளுக்கு இதே வகையை விருப்பப் பொருளாக விற்றன. ஆனாலும் இதை வாழ்க்கை முறையாகவே வைத்திருந்தவர்கள் ஸ்டூடிபேக்கர்காரர்கள்தான்.

பிளிமத் ஊருக்குள் பழைய லிங்கன் நெடுஞ்சாலையைச் சந்தித்தோம். அங்கிருந்து தெற்கே ஓடும் மிச்சிகன் சாலை வண்டிகளுக்காகப் பிறந்ததல்ல. 1826 ஒப்பந்தத்தில் பொட்டவாட்டமி பழங்குடியினரிடமிருந்து பெற்ற நிலத்தில் 1830களில் போட்டது. 1838 செப்டம்பரில் அதே மக்கள் 859 பேரைப் பிளிமத்துக்குப் பக்கத்திலிருந்து துப்பாக்கி முனையில் கான்சாஸுக்கு நடக்கவைத்ததும் இந்தச் சாலையில்தான். வழியில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். சாலையோரம் அந்த நடைக்கு நினைவுக் கற்கள் வைத்திருக்கிறார்கள். பெரியவர் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் படித்தோம். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு ராச்செஸ்டர் வரை எஞ்சினைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

ராச்செஸ்டருக்குத் தெற்கே நிலம் மெல்லச் சரிந்து, வாபாஷ் ஆற்றை நோக்கி இறங்குகிறது. இங்கேதான் ஓவர்டிரைவின் மறுபக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கைப்பிடி தள்ளி வைத்த நிலையில், இரும்பு நாக்கு இன்னும் விழாத குறைந்த வேகத்தில், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஓர் உருளைக் கிளட்ச்தான் இணைப்பு. எஞ்சின் முன்னோக்கித் தள்ளினால் பிடிக்கும். சக்கரம் முந்திக்கொண்டால் விட்டுவிடும். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் கிறுகிறுவென்று ஓடிக்கொண்டே இருக்கிறதே, அந்த ஃப்ரீவீல்தான் இது, ஒன்றரை டன் கனத்தில். சமதளத்தில் இது சுகம். கிளட்சைத் தொடாமலே இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றலாம். 1930இல் ஸ்டூடிபேக்கர்தான் அமெரிக்காவில் முதன்முதலாக ஃப்ரீவீலிங் என்று இதைக் காரில் வைத்து விற்றது.

சரிவில் இது ஆபத்து. எஞ்சின் பிடித்து இழுக்கும் தடுப்பு அறவே இல்லை. டிரம் பிரேக் மட்டும்தான் துணை. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 40 மைலில் ஓவர்டிரைவ் விழுந்த நிலையில் இறங்கும்போது சூரியச் சக்கரம் பூட்டப்பட்டிருப்பதால் எஞ்சின் ஓரளவு பிடித்துக்கொள்கிறது. வளைவுக்காக 25க்குக் கீழே குறைத்தால் கவர்னர் துண்டித்துவிடுகிறது, நாக்கு வெளியே வருகிறது, அந்த நொடியில் வண்டி கட்டவிழ்ந்து முன்னே நழுவுகிறது. பழக்கமில்லாதவருக்கு பிரேக் போய்விட்டதாகவே தோன்றும். அதனால் பள்ளத்தாக்கு வருவதற்கு முன்பே கைப்பிடியை இழுத்துப் பூட்டிவிட வேண்டும் என்றார் பெரியவர். அதையும் எப்போது வேண்டுமானாலும் இழுக்கக் கூடாது. இழுக்கும்போது சூரியச் சக்கரம் நகர்ந்து தாங்கியின் பற்களோடு கோத்துக்கொள்கிறது. மொத்த அமைப்பும் ஒரே கட்டியாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது இழுத்தால் பல் நொறுங்கும். நாக்கு விழாத நிலையில், எஞ்சின் வண்டியை இழுத்துக்கொண்டிருக்கும்போது இழுக்கலாம். நின்ற பிறகு இழுக்கலாம். நிறுத்தி வைக்கும்போது கியரில் போட்டுவிட்டுப் போகலாம் என்ற நம்பிக்கை வேண்டாம். ஃப்ரீவீல் நிலையில் கியர் வண்டியைப் பிடிக்காது. கைப்பிரேக்கைப் போட வேண்டும். இந்த மூன்றையும் அவர் ஒரு தடவைதான் சொன்னார், ஆனால் நான் திருப்பிச் சொல்லும் வரை சரிவில் இறங்கவிடவில்லை.

சரிவுக்குச் சற்று முன்னால் வைக்கோல் கட்டுகள் ஏற்றிய ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. எதிரே நீளமான காலிச் சாலை. தாண்ட வேண்டும். ஓவர்டிரைவில் மிதித்தால் இந்த எஞ்சினுக்கு வேகம் எடுக்கத் தெம்பு இல்லை. "தரை வரைக்கும் மிதிங்க" என்றார். மிதித்தேன். எஞ்சின் ஒரு துள்ளு விக்கியது. மறுகணம் நேர் மூன்றாம் கியரில் சீறிக்கொண்டு வண்டி முன்னே போனது. டிராக்டர்காரர் கையசைத்தார்.

அந்த விக்கல் திட்டமிட்டு வைத்தது. பெடல் முழுதாக அழுந்தினால் அதன் கோடியில் இருக்கும் சுவிட்ச் சோலனாய்டின் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங் நாக்கை வெளியே இழுக்கப் பார்க்கிறது. ஆனால் எஞ்சினின் முழு விசையும் நாக்கைப் பள்ளத்தின் சுவரோடு அழுத்திக்கொண்டிருப்பதால் அது நகராது. விசையைத் தளர்த்த ஒரே வழி எஞ்சினை ஒரு கணம் நிறுத்துவது. அதே சுவிட்ச், சோலனாய்டுக்குள் இருக்கும் ஒரு தொடுமுனை வழியாக, இக்னிஷன் மின்சாரத்தை வண்டிச் சட்டத்துக்குத் திருப்பிவிடுகிறது. எஞ்சின் ஒன்றிரண்டு வெடிப்பைத் தவறவிடுகிறது. விசை தளர்கிறது. நாக்கு வெளியே வருகிறது. வந்ததுமே தொடுமுனை பிரிகிறது, இக்னிஷன் திரும்பிவிடுகிறது. எல்லாம் விக்கி முடிப்பதற்குள். 6 வோல்ட் பேட்டரியும் ஒரு ரிலேயும் இரண்டு சுவிட்சும் மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சாதித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து அறிவு என்று வியப்பவர்கள் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு: மேலே போகக் காலை எடுக்கச் சொல்கிறது, கீழே இறங்கக் காலை அழுத்தச் சொல்கிறது. இரண்டுமே ஓட்டுபவர் அந்த நேரத்தில் இயல்பாக விரும்பும் செயல்கள். நிதானம் வேண்டியவர் காலைத் தளர்த்துவார். அவசரம் வேண்டியவர் மிதிப்பார். அந்த விருப்பத்தையே கட்டளையாக்கிக்கொண்டார்கள்.

பெரு என்ற ஊரில் வாபாஷ் ஆற்றைக் கடந்தோம். ஒரு காலத்தில் சர்க்கஸ் கம்பெனிகள் குளிர்காலம் முழுக்கத் தங்கிய ஊர். இசையமைப்பாளர் கோல் போர்ட்டர் பிறந்த ஊரும் அதுவே. சாப்பிட மட்டும் நின்றோம். அதற்குத் தெற்கே கோகோமோ. 1894 ஜூலை 4 அன்று எல்வுட் ஹெய்ன்ஸ் என்பவர் தன் பெட்ரோல் வண்டியை ஊருக்கு வெளியே பம்ப்கின்வைன் சாலைக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டிய இடம். ஊருக்குள் கூட்டம் அதிகமாக இருக்கும், குதிரைகள் மிரளும் என்பதற்காக வெளியே இழுத்துப் போனார்களாம். மோட்டார் வண்டித் தொழில் டெட்ராயிட்டுக்குப் போய் நிலைகொள்வதற்கு முன்னால் இண்டியானா அதன் தொட்டில்களில் ஒன்றாக இருந்தது என்பது இந்தச் சாலையில் வரும்போது தானாகவே விளங்குகிறது.

கோகோமோவிலிருந்து கிழக்கே திரும்பி 35ஆம் எண் சாலை. கிரீன்டவுன், அதைத் தாண்டி கேஸ் சிட்டி. ஊர்ப் பெயரே வரலாறு. 1880களில் இந்தப் பகுதி முழுக்க நிலத்தடியிலிருந்து எரிவாயு பீறிட்டது. இலவச எரிபொருள் என்ற அறிவிப்பைக் கேட்டுத் தொழிற்சாலைகள் வந்து குவிந்தன. 1887இல் பஃபலோவிலிருந்து பால் சகோதரர்கள் கண்ணாடி ஜாடி செய்ய மன்சிக்கு வந்தது இந்த வாயுவுக்காகத்தான். இரவும் பகலும் வீணாக எரியவிட்டு, ஒரு தலைமுறைக்குள் வாயு தீர்ந்துபோனது. ஆனால் அதற்குள் மன்சியில் தொழிலாளர்களும் பட்டறைகளும் சேர்ந்துவிட்டிருந்தன. 1901இல் தொடங்கிய வார்னர் கியர் நிறுவனம் அந்த நிலத்தில் வேர்பிடித்தது. 1928இல் அது வேறு மூன்று நிறுவனங்களோடு இணைந்து போர்க்-வார்னர் ஆனது. இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் வெல்பவருக்குக் காட்டும் பெரிய வெள்ளிக் கோப்பை அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது.

ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் இணையர் 1920களில் இந்த ஊருக்கு வந்து தங்கி ஆராய்ந்து 'மிடில்டவுன்' என்ற நூலை 1929இல் வெளியிட்டார்கள். ஊர்ப் பெயரை மறைத்துவிட்டார்கள். ஆனால் அது மன்சி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மோட்டார் வண்டி ஒரு சாதாரண அமெரிக்க ஊரின் குடும்பத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் எப்படி மாற்றியது என்பதற்கு அந்த நூலில் பெரிய இடம் உண்டு. அதே ஊரின் இன்னொரு பாதி அந்த வண்டிகளுக்குப் பல்சக்கரம் வெட்டிக்கொண்டிருந்தது.

மாலையில் கில்கோர் அவென்யூ வழியாக மன்சிக்குள் நுழைந்தோம். போர்க்-வார்னர் தன் மன்சி ஆலையை 2009இல் மூடிவிட்டது. சவுத் பெண்டில் ஸ்டூடிபேக்கர் உற்பத்தி நின்றது 1963 டிசம்பரில். அப்போது ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லாததால் பல ஆயிரம் தொழிலாளர்கள் தங்களுக்கு உரியதில் சிறு பங்கையே பெற்றார்கள், அல்லது எதுவுமே பெறவில்லை. அந்த அநீதியே 1974இல் அமெரிக்கத் தொழிலாளர் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றானது. வண்டியின் இரண்டு பிறந்த ஊர்களிலும் அதன் தாய் வீடு இல்லை. பெரியவர் இதைச் சொல்லும்போது குரலில் கோபம் இருந்தது. எனக்கும் இருந்தது. இந்தப் பற்களை வெட்டியவர்கள் ஒரு இன்ச்சின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகாமல் வெட்டினார்கள். அவர்களுக்குக் கொடுத்த வாக்கு அந்தத் துல்லியத்தில் காப்பாற்றப்படவில்லை.

ஓவர்டிரைவ் மன்சி ஆலை மூடுவதற்கு வெகு முன்பே மங்கிவிட்டிருந்தது. பெட்ரோல் மலிவாகவும் எஞ்சின்கள் பெரிதாகவும் இருந்த 1960களில், தானியங்கி கியர் பாக்ஸ் வாங்குபவர்களிடம் இந்தக் கைப்பிடியை விளக்கிச் சொல்ல விற்பனையாளர்களுக்குப் பொறுமை இல்லை. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அதே தேவை திரும்பி வந்தது. அப்போது ஐந்தாம் கியரையே ஓவர்டிரைவாக வைத்த கியர் பாக்ஸ்கள் பரவின. போர்க்-வார்னரின் டி-5 அவற்றில் புகழ்பெற்றது. இன்றைய பெட்ரோல் வண்டிகளில் ஓவர்டிரைவ் இல்லாத ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கைப்பிடியும், காலை எடுக்கும் அந்த ஒரு மூச்சும்தான் போய்விட்டன.

மன்சியின் தெருக்களில் விளக்குக்கு விளக்கு நிற்க வேண்டியிருந்தது. பெரியவர் கடைசியாக ஒன்றைக் காட்டினார். கவர்னர் அறிவது வண்டியின் வேகத்தைத்தான், எந்தக் கியர் என்பதை அல்ல. அதனால் இரண்டாம் கியரிலும் 30 மைலைத் தொட்டுக் காலை எடுத்தால் ஓவர்டிரைவ் விழும். இரண்டாம் கியரின் விகிதம் ஒன்றரைக்குச் சற்று மேல், அதை 0.7ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.1, மூன்றாம் கியருக்கு மிக அருகில். கியர் கம்பியைத் தொடாமலே, வலது கால் ஒன்றைக் கொண்டே இரண்டுக்கும் கிட்டத்தட்ட மூன்றுக்கும் இடையே போய்வரலாம். நகரத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாடு தெரியாது என்றார். மெக்காலியர்ட் சாலையில் மூன்று விளக்குகளுக்கு இடையே அப்படியே ஓட்டிப் பார்த்தேன். ரிலே தட்டியது, காலை எடுத்தேன், விழுந்தது. மறுநாள் காலையில் திரும்பும்போது அவர் ஓட்டுவதாகவும், புறப்படுமுன் ஓவர்டிரைவின் எண்ணெய் அளவைப் பார்ப்பதாகவும் பேசிக்கொண்டோம். அதற்குக் கியர் பாக்ஸிலிருந்து தனியாக ஒரு மூடி இருக்கிறது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.